செவிலியரின் அரசியல் திறனை அளத்தல்

மருத்துவமனைக்கு வரும் நோயாளி மருத்துவரைச் சில நிமிடங்களே காண்கிறார். இரவும் பகலும் அவர் அருகே இருப்பவர் செவிலியர். எண்ணிக்கையில் மருத்துவமனை ஊழியரில் பெரும்பகுதியினர் செவிலியரே. ஆயினும், எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், நிரந்தரப் பணியா ஒப்பந்தப் பணியா, இரவுப் பணி எத்தனை நாள் என்பவை முடிவாகும் இடங்களில் அவர்களது குரல் அரிதாகவே கேட்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கை உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பெண்கள் என்றும் கூறிற்று. தகவல் தந்த 115 நாடுகளில் 82 நாடுகளே அரசுக்கு ஆலோசனை கூறும் தேசியத் தலைமைச் செவிலியர் பதவியைக் கொண்டிருந்தன.

இந்த இடைவெளிக்குக் காரணம் செவிலியரின் அரசியல் திறன் குறைவா, அல்லது திறன் இருந்தும் அதனைப் பயன்படுத்த வழியில்லாமையா? விடை எதுவாக இருப்பினும் முதலில் அத்திறனை அளந்தாக வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்கெனப் பல அளவுகோல்கள் உருவாகியுள்ளன. பெரும்பாலானவை அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றை நம் நாட்டில், அதுவும் மகாராஷ்டிரத்தின் புனே போன்ற ஒரு நகரில் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை ஆராய்வது பயனுடையது.

சொல்லின் பொருள்

"அரசியல்" என்ற சொல்லே முதல் தடை. தமிழில் ஒருவரை "அரசியல் செய்கிறார்" என்றால் அது பாராட்டு ஆகாது. மராத்தியில் "ராஜகாரண்" என்ற சொல்லுக்கும் இதே கறை உண்டு. வினாத்தாளின் தலைப்பில் இச்சொல் இருந்தாலே பணியில் உள்ள ஒரு செவிலியர் தயங்குவார். தமக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பித் தருபவரும் இருப்பார். ஆய்வாளர்கள் கருதும் பொருள் வேறு. கட்சிச் சார்பு இங்குக் கணக்கில் இல்லை. பொது முடிவுகள் எங்கே, யாரால், எந்த விதியின்கீழ் எடுக்கப்படுகின்றன என்று அறிவதும், அவற்றின்மீது முறையான வழியில் செல்வாக்குச் செலுத்தும் ஆற்றலுமே அரசியல் திறன் எனப்படுகிறது.

ஜூடித் வார்னர் என்ற ஆய்வாளர் 2003-இல், பொதுப்பணியில் முன்னின்ற அமெரிக்கச் செவிலியரின் அனுபவங்களைக் கேட்டு இத்திறனின் கூறுகள் ஆறு எனக் கண்டார். தொழில் அறிவு, தொடர்புகளால் கிட்டும் வாய்ப்பு, இணங்க வைக்கும் ஆற்றல், கூட்டு வலிமையில் பற்று, தொலைநோக்கு, விடாமுயற்சி என்பன அவை. இவற்றுள் தொழில் அறிவு முதலில் நிற்பது கவனிக்கத்தக்கது. படுக்கையின் அருகே கண்டதை அதிகாரியின் மேசையில் சான்றாக வைக்க முடிவதே செவிலியரின் தனி மூலதனம்.

இதற்கு மூத்த எடுத்துக்காட்டு பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போர் முடிந்து திரும்பிய பின் அவர் வார்டில் கழித்த காலம் மிகக் குறைவு. புள்ளிவிவரங்களுடனும் அமைச்சர்களுடனும் கழித்த காலமே மிகுதி. இந்தியாவில் பிரிட்டிஷ் படைவீரர் ஆயிரத்துக்கு ஆண்டுதோறும் 69 பேர் இறப்பதை 1863-இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை காட்டியதில் அவரது உழைப்பு பெரிது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எனினும் கிராமச் சுகாதாரம் குறித்துப் பூனா சார்வஜனிக் சபையினருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

புனேயின் மரபு

செவிலியர் பணியும் பொதுவாழ்வும் பிணைந்து கிடந்த வரலாறு புனேக்கு உண்டு. 1897-இல் நகரைப் பிளேக் வாட்டியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் பூலே அந்நோய்க்கே பலியானார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர்; பெண் கல்விக்கும் தீண்டாமை எதிர்ப்புக்கும் போராடியவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1909-இல் ரமாபாய் ரானடேயும் கோபால கிருஷ்ண தேவதரும் புனே சேவா சதனைத் தொடங்கினர். உயர்குடிப் பெண்கள், சிறப்பாக இளம் விதவையர், செவிலியர் பயிற்சிக்குச் செல்வதை அன்றைய சமூகம் இழிவாகக் கருதிற்று. பிற சாதியாரின் உடலைத் தொடுவதும், ஆண் நோயாளிகளைக் கவனிப்பதும், இரவில் வெளியே தங்குவதும் ஏற்க இயலாதவையாக இருந்தன. சேவா சதன் இத்தடையை மெல்லத் தளர்த்தி, 1867-இல் திறக்கப்பட்ட சஸூன் மருத்துவமனையில் பயிற்சி பெறப் பெண்களை அனுப்பியது.

அதே ரமாபாய்தான், சிறுமியருக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்று புனே நகராட்சியை எதிர்த்து வாதாடியவர். பம்பாய் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் முன்நின்றவர். அந்த உரிமை 1921-இல் கிட்டியது. (சென்னை மாகாணம் அதே ஆண்டில் சில திங்கள் முந்திக்கொண்டது.) செவிலியர் பயிற்சியைத் தொடங்கி வைத்த கைகளே வாக்குரிமை மனுவையும் ஏந்தின. இன்றைய அளவுகோல் எதுவாயினும் ரமாபாய்க்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அவரால் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது வேறு கேள்வி. செவிலியருக்காகப் பேசுபவரின் திறனும் செவிலியரின் திறனும் ஒன்றல்ல.

கையிலுள்ள அளவுகோல்கள்

அரசியல் திறனை எண்ணால் குறிக்கும் முயற்சி செவிலியரிடம் தொடங்கவில்லை. 1963-இல் வெளியான ஆல்மண்ட், வெர்பா ஆகியோரின் ஐந்து நாட்டு ஆய்வு, அநீதியான ஒரு விதி வந்தால் அதைப்பற்றி உங்களால் ஏதேனும் செய்ய முடியுமா என்று குடிமக்களைக் கேட்டது. உள்ளூர் விதி குறித்து முடியும் என்றோர் அமெரிக்காவில் 77, பிரிட்டனில் 78, ஜெர்மனியில் 62, மெக்சிகோவில் 52, இத்தாலியில் 51 சதவீதம். தேசியச் சட்டம் என்றதும் இத்தாலியில் அது 28-க்கும், ஜெர்மனியிலும் மெக்சிகோவிலும் 38-க்கும் இறங்கியது. பிரிட்டனில் 62, அமெரிக்காவில் மட்டும் 75 என ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆக, ஒருவரது அரசியல் தன்னம்பிக்கை எந்த மட்டத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. செவிலியரிடமும் வார்டு, மருத்துவமனை, மாநிலத் துறை, நாடாளுமன்றம் என்று படிப்படியாகக் கேட்டாலன்றி உண்மை தெரியாது. வார்டில் மருத்துவரோடு உரிமையுடன் வாதாடும் மூத்த செவிலியர், தலைமைச் செயலகத்தின் பெயரைக் கேட்டதும் வாயடைத்துப் போகலாம்.

செவிலியருக்கென்றே அமைந்த கருவிகளுள் பெயர் பெற்றது, 1980-களில் அமெரிக்காவில் கிளார்க் வகுத்த அரசியல் விழிப்புணர்வுப் பட்டியல். இதில் 40 கூற்றுகள் உண்டு. வாக்காளராகப் பதிந்துள்ளேன், என் தொகுதி உறுப்பினரின் பெயர் தெரியும், சுகாதாரம் குறித்து அவருக்குக் கடிதம் எழுதியுள்ளேன், தொழிற்சங்கத்திலோ தொழில்முறைச் சங்கத்திலோ பணியாற்றுகிறேன் என்ற வகையானவை. ஒவ்வோர் "ஆம்" என்பதற்கும் ஒரு மதிப்பெண். 9 வரை பெறுபவர் அரசியல் உணர்வே அற்றவர். 10 முதல் 19 வரை சிறிதளவு உணர்வுடையவர். 20 முதல் 29 வரை விழிப்பின் தொடக்கத்தில் இருப்பவர். 30-ஐத் தாண்டியவர் தொழிலுக்கே சொத்து. எளிமையே இதன் சிறப்பு. அதே எளிமை இதன் குறையும் ஆகும்: வாக்களிப்பதற்கும், சட்டமன்றக் குழுமுன் சாட்சியம் அளிப்பதற்கும் ஒரே மதிப்பெண்.

பின்னர் 2005-இல் ஃபெரிஸ் குழுவினர் 18 கூற்றுகளில் வெளியிட்ட அரசியல் சாமர்த்தியப் பட்டியல் மேலாண்மைத் துறையிலிருந்து வந்தது. சமூகக் கூர்மை, பிறரிடம் செல்வாக்கு, தொடர்பு வலை, நேர்மையாளராகத் தோன்றும் ஆற்றல் என நான்கு பகுதிகள் உடையது. இது அலுவலகத்துக்குள் ஒருவர் தம் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் திறனை அளக்கிறது. செவிலியரைப் பற்றிய ஆய்வுகளில் இதனையும் மேற்சொன்ன கிளார்க் பட்டியலையும் ஒரே பொருளை அளப்பனபோல் கையாள்வது பிழை. மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்குபவர் எல்லோரும் சக செவிலியரின் இரவுப்படிக்காக வாதாடுபவர் அல்லர்.

நான்கு செவிலியர், நான்கு சட்ட நிலைகள்

புனேயில் கிளார்க்கின் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சஸூன் போன்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் மாநில அரசு ஊழியர். 1979-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அரசுப் பணி நடத்தை விதிகள் அரசு ஊழியர் அரசியல் கட்சிகளில் சேர்வதையும் தேர்தல் வேலை செய்வதையும் தடுக்கின்றன. மத்திய அரசின் 1964-ஆம் ஆண்டு விதிகளும் இவ்வாறே. தம் வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தை வைப்பதுகூட அவ்விதிகளின்படி குற்றம். வேட்பாளருக்காக உழைத்ததுண்டா என்ற கேள்விக்கு இவர் "இல்லை" என்றால் அது விதிக்குக் கீழ்ப்படிந்ததற்கு அடையாளம். அமெரிக்கக் கருவி அதற்குத் தண்டனையாக ஒரு மதிப்பெண்ணைப் பறிக்கிறது.

இதே நகரில் ராணுவ மருத்துவக் கல்லூரியும் தென்மண்டலப் படைத்தலைமை மருத்துவமனையும் உள்ளன. ராணுவச் செவிலியர் பணியினர் அதிகாரி அந்தஸ்து உடையவர்கள். ஆனால் அரசியல் கூட்டங்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அவர்கள் மீதுள்ள தடை மிகக் கடுமையானது. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சட்டத்தால் வரையறுக்க அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவே இடம் தருகிறது. மூன்றாமவர் தனியார் அல்லது அறக்கட்டளை மருத்துவமனையில் பணியாற்றுபவர். நடத்தை விதி அவரைக் கட்டாது. வேலை போய்விடும் என்ற அச்சம் கட்டும். நான்காமவர் கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவர். வாக்காளர் பட்டியலில் அவரது பெயர் பெரும்பாலும் ஊரில்தான் இருக்கும். தேர்தல் நாளன்று விடுப்பும் ரயில் சீட்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். வாக்களிக்கவில்லை என்பது இவரிடம் அசட்டையைக் காட்டவில்லை, தொலைவையே காட்டுகிறது.

இந்நால்வரின் சராசரியை எடுத்து "புனே செவிலியரின் அரசியல் திறன்" என்று ஓர் எண்ணை அறிவிப்பது பொருளற்றது. திறன், வாய்ப்பு, சட்ட அனுமதி ஆகிய மூன்றும் அதில் கலந்து கிடக்கும். ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே அளந்து, அவரவர்க்குச் சட்டம் திறந்து வைத்துள்ள வழிகளில் எத்தனையைப் பயன்படுத்துகிறார் என்று பார்ப்பதே முறை. அரசுச் செவிலியர் கட்சிக்கு உழைக்க முடியாது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் சேரலாம், மேலதிகாரிக்கு மனுச் செய்யலாம், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் காலிப் பணியிட விவரம் கேட்கலாம். இவற்றைப் பற்றிய கேள்விகள் அயல்நாட்டுப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

பிரதிநிதித்துவத்தின் அமைப்பையும் கருத வேண்டும். மகாராஷ்டிரச் சட்ட மேலவையின் 78 இடங்களில் பட்டதாரிகளுக்கு 7, ஆசிரியர்களுக்கு 7 ஒதுக்கப்பட்டுள்ளன. புனே மண்டலத்துக்கு இவ்விரண்டிலும் ஒவ்வொரு தொகுதி உண்டு. ஆசிரியர் தம் தொழிலின் பெயரால் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். செவிலியருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பி.எஸ்ஸி. படித்த செவிலியர் பட்டதாரித் தொகுதியில் பெயர் பதியலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதுபோன்ற ஒரு கேள்வி பத்துத் தன்மதிப்பீட்டுக் கூற்றுகளைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

அறிவை அறிவாகவே அளத்தல்

பெரும்பாலான வினாத்தாள்கள் தம்மைத் தாமே மதிப்பிடச் சொல்கின்றன. "கொள்கை முடிவுகள் பற்றி எனக்குத் தெரியும்" என்ற கூற்றுக்கு எதிரே ஐந்து கட்டங்கள். 1932-இல் லிக்கர்ட் வகுத்த முறை. தாளைக் கொடுத்துவிட்டு மேட்ரன் அருகில் நின்றால் எல்லோரும் நான்காவது கட்டத்தில் குறியிடுவர் என்பதை எந்த வார்டிலும் காணலாம். சரியான விடை உள்ள கேள்விகள் இத்தொல்லையைக் குறைக்கும். இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த நெறியின்படி பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல். இதனை அறிந்தவர்தான் தம் வார்டின் நிலையைக் குறையாக எடுத்துரைக்க முடியும். அறியாதவர் அதனைத் தம் தலையெழுத்தாகக் கொள்வார்.

1947-ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தம் பதிவையும் பாடத்திட்டத்தையும் ஆளும் சட்டம் மாறியது தெரியுமா, மாநில மன்றத்தில் பதிவைப் புதுப்பித்தது எப்போது, ஒப்பந்தப் பணியாளருக்கும் பேறுகால விடுப்பு உண்டா என்பன போன்றவை அறிவுப் பகுதியில் இடம்பெறலாம். அடுத்த பகுதி தன்னம்பிக்கை. அதற்கு மேலே கூறிய நான்கு படிகள் பொருந்தும். மூன்றாவது செயல். கடந்த பன்னிரண்டு மாதங்களில் என்று காலத்தை வரையறுத்தே கேட்க வேண்டும். "எப்போதேனும்" என்று கேட்டால் இருபது ஆண்டுக்கு முந்தைய ஊர்வலமும் கணக்கில் ஏறிவிடும்.

கேள்விகளைத் தொகுத்த பின் அவை பொருத்தமானவையா என்று துறை வல்லுநரிடம் காட்டுவது வழக்கம். 1975-இல் லாஷே தந்த வாய்ப்பாடு இதற்கு உதவுகிறது: இன்றியமையாதது என்றோரின் எண்ணிக்கையிலிருந்து குழுவின் பாதியைக் கழித்து, அந்தப் பாதியாலேயே வகுக்க வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒப்பினால் எட்டிலிருந்து ஐந்து போக மூன்று. ஐந்தால் வகுக்க 0.60. பத்துப் பேர் குழுவுக்குத் தேவைப்படும் குறைந்த அளவு 0.62. எட்டுப் பேர் ஒப்பியும் கேள்வி தள்ளப்படும். இத்தகைய கண்டிப்பு வேண்டற்பாலதே. ஆனால் குழுவில் பேராசிரியர்கள் மட்டும் அமர்ந்தால் பேராசிரியர்களுக்கு இன்றியமையாதவையே மிஞ்சும். வார்டுச் செவிலியர் மூவராவது இருத்தல் நலம்.

கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவா என்பதை 1951-இல் க்ரோன்பாக் அளித்த ஆல்ஃபா கெழு காட்டும்; 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்பர். இவ்வெண்ணைக் கண்டதும் கருவி சரியானது என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா உயரும் என்பதை அவர்கள் மறக்கிறார்கள். அதனினும் நல்ல சோதனை, வேறுபட்டவர் என்று முன்பே அறிந்த இரு குழுக்களை ஒப்பிடுவது. சங்கப் பொறுப்பில் பல்லாண்டு இருந்தவர்களும் நேற்றுப் பணியில் சேர்ந்தவர்களும் ஒரே மதிப்பெண் பெற்றால் கோல் கோணலாக இருக்கிறது என்றே பொருள். மாதிரியின் அளவும் ஒரு சொல் பெறத்தக்கது. நூறு பேரைக் கேட்டு 50 சதவீதம் என்று கண்டால், முறையான சீரற்ற தேர்வாயினும் உண்மை 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே மருத்துவமனையில் கைக்கெட்டிய நூறு பேர் என்றால் அந்த அளவு உறுதிகூட இல்லை.

பயன் என்ன

இவ்வளவு பாடுபட்டு அளப்பதால் ஆவது என்ன என்று கேட்கலாம். சுதந்திரத்துக்கு முன் போர் குழு தன் அறிக்கையை 1946-இல் அளித்தபோது நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 மக்களுக்கு ஒருவர். பின்னர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. ஆனால் பணிநிலை குறித்த குறைகள் அத்துடன் தீரவில்லை. சென்னையைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன் தலைமையில் 1987-இல் அமைந்து 1989-இல் அறிக்கை தந்த உயர்நிலைக் குழு இவற்றை விரிவாக ஆராய்ந்தது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயுமாறு பணித்ததன் பேரில் அமைந்த மத்தியக் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும், 50 படுக்கைக்குக் குறைந்தவைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைக்கலாகாது என்றும் பரிந்துரைத்தது.

பரிந்துரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றே. 2011 முதல் அமைப்பாகத் திரண்டு, 2017-இல் பெரும் போராட்டம் நடத்திய கேரளச் செவிலியர், 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாகவே பெற்றனர். எல்லா மாநிலங்களிலும் அவ்வாறு நிகழவில்லை. கேரளச் செவிலியரின் தொழில் அறிவு மற்றவரினும் கூடுதல் என்று எவரும் சொல்லார். தாளில் இருந்த பரிந்துரையைச் சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுசெல்லும் வழியை அவர்கள் அறிந்திருந்தனர். மகாராஷ்டிரத்தில் 2022 மே மாதம் அரசுச் செவிலியர், வெளி முகமைகள் வழியே ஆளெடுப்பதை எதிர்த்து மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைநிறுத்தம் அரசியல் திறனின் ஒரு வடிவம்; நோயாளியும் அதன் விலையில் பங்கு கொள்வதால் அது கடைசி வடிவமாக இருப்பதே யாவருக்கும் நன்று. முன்கூட்டியே மனுவும் புள்ளிவிவரமும் பேச்சுவார்த்தையும் பயன்படுமிடத்து அதற்குத் தேவை குறையும். ஆகவே, அளவீட்டில் அறிவுப் பகுதி குறைந்தவர்க்குப் பயிற்சி வகுப்பும், அறிவு இருந்தும் செயல் குறைந்த இடத்தில் குறைதீர்ப்புக் குழுக்களில் செவிலியருக்கு இடமும் தரப்பட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது. ஆய்வு முடிவை இவ்வாறு பிரித்துத் தராத வினாத்தாளால் நிர்வாகத்துக்குப் பயன் இல்லை.

நடைமுறையில் இன்னொன்று. வினாத்தாள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும், இயன்றால் மலையாளத்திலும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மூலம் அறியாத மற்றொருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். இரவுப் பணி முடிந்து செல்லும் வேளையில் தாளை நீட்டக் கூடாது. தாளில் பெயரோ பணியாளர் எண்ணோ கேட்கப்படலாகாது. நிரப்பிய தாள்கள் செவிலியர் கண்காணிப்பாளரின் அலுவலகம் வழியாகச் செல்லாமல், முத்திரையிட்ட பெட்டியில் இடப்பட்டு ஆய்வாளரால் நேரே எடுக்கப்பட வேண்டும்.